தட்டுக்கு நடுவில் தேவானந்தம்

"யாருங்க இந்தத் தேவானந்தம்?"

ஜஹீரா ஒரு சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஹாலில் ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்த கிபாயத்துல்லா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"அது கம்பெனி பேரும்மா."

"கம்பெனியா?"

"எவர்சில்வர் கம்பெனி. ரொம்ப ஃபேமஸ்."

ஜஹீரா உள்ளே போனாள். ஒரு டம்ளரோடு திரும்பி வந்தாள். "இதுலயும் தேவானந்தம்னு வெட்டியிருக்கு."

"அதே கம்பெனிதான்."

மறுபடி உள்ளே போனாள். இந்த முறை வெறுங்கையோடு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பீரோ கதவுக்கு உள்பக்கம் 'தேவானந்தம் – ரத்தினபாய்'னு பெயிண்ட்ல எழுதி, பக்கத்துல ரெண்டு புறா வரைஞ்சிருக்கு. உங்க கம்பெனி கல்யாணம் வேற பண்ணிக்கிச்சா?"

கிபாயத்துல்லா ஸ்டூலை விட்டு இறங்கினார். இதற்கு மேல் உயரத்தில் நின்று பொய் சொல்வது பாதுகாப்பில்லை.

நடந்தது இதுதான். மஸ்கட்டில் ஏ.சி. சர்வீஸ் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்த கிபாயத்துல்லா, கம்பெனி கடையை மூடியதும் குடும்பத்தோடு தாம்பரத்துக்கே வந்துவிட முடிவு செய்தார். முதலில் தான் மட்டும் வந்து சேலையூரில் வாடகைக்கு ஃபிளாட் பிடித்து, வீட்டுக்குச் சாமான் வாங்கி வைப்பது. அங்கே இருக்கிற சாமான்களை விற்றுவிட்டு ஜஹீராவும் மகள் ஆஃபியாவும் பின்னால் வருவது என்று ஏற்பாடு. "எல்லாம் புதுசா வாங்கணும்" என்று ஜஹீரா விமான நிலையம் வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அவரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற பெரிய கடைகளில் ஏறி இறங்கினார். விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் முடிச்சூர் ரோட்டில் ஏசுபாதத்தின் பழைய சாமான் கடையில் போய் உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு மெல்போர்னில் இருக்கும் மகனிடம் நிரந்தரமாகப் போய்விட்டாராம். அவர் வீட்டுச் சாமானை ஏசுபாதம் ஒரே லாட்டாக எடுத்து வைத்திருந்தார். கரண்டி முதல் கட்டில் வரை எல்லாம் பளபளவென்று இருந்தன. அப்படியே வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார் கிபாயத்துல்லா.

நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பில் போடுவதற்கு முன்னால் கடைக்காரர் கேட்கிற கேள்வி, "பேர் என்ன வெட்டணும்?" என்பதுதான். ஒரு டீ வடிகட்டிகூடப் பெயர் இல்லாமல் வீட்டுக்குள் நுழையாது. மஸ்கட்டில் கரண்டிக்கெல்லாம் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் கிபாயத்துல்லாவுக்கு இது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"பழசு வாங்கினதுகூடப் பரவாயில்லைங்க," ஜஹீரா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் தேவானந்தத்தின் சோபாதான். "நாளைக்கு அவங்க வர்றாங்க. யாசீன் பாய் சம்சாரத்துக்கிட்ட போன்ல எல்லாச் சாமானும் மஸ்கட்ல இருந்து கார்கோல வந்து இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"நீ ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்க புதுசு வாங்கினதா என்கிட்ட சொன்னீங்க. நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்."

யாசீன் பாய் என்பவர் குன்றத்தூரில் தோல் வியாபாரம் செய்கிறவர். அவர் மகன் முதாசிரும் ஆஃபியாவும் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆஃபியா மட்டும் படிப்புக்காக முன்பே இங்கே வந்து ஹாஸ்டலில் இருந்துவிட்டு, படிப்பு முடிந்து மஸ்கட் திரும்பியவள். "இந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான் அத்தா" என்று அவள் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கடற்கரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார் கிபாயத்துல்லா. முதாசிர் என்று தெரிந்ததும் சரி என்றுவிட்டார். பையன் நல்ல பையன். இனி பெரியவர்கள் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. யாசீன் பாய் பெரிய மனிதர் என்று குன்றத்தூரில் பேச்சு. அவர் கண்ணுக்குத் தான் ஒன்றுமில்லாதவனாகத் தெரிந்து, அதனால் மகள் வாழ்க்கை தட்டிப்போய்விடுமோ என்பதுதான் கிபாயத்துல்லாவின் பயம்.

அவர் ஏசுபாதத்துக்கு போன் போட்டார்.

"பாத்திரத்துல எல்லாம் பேர் வெட்டியிருக்குன்னு நீ சொல்லவே இல்லையே ஏசுபாதம்."

"நீ கேக்கவே இல்லியே சார். பேர் வெட்னாதான் சார் அது குடும்பப் பாத்திரம். பேர் இல்லாம கீதுன்னா திருட்டு மாலுன்னு அர்த்தம்."

"இப்ப அதை எப்படி எடுக்கிறது?"

"இன்னா சார் பேஜார் பண்ற. லேசா மிஷின் வச்சி ஒரு தேய் தேய்ச்சா பூடும்."

ஏ.சி.க்காரர் வீட்டில் மிஷினுக்கா பஞ்சம். கிபாயத்துல்லா கிரைண்டரை எடுத்து பால்கனியில் உட்கார்ந்து ஒரு டம்ளரில் ஆரம்பித்தார். 'தே' போயிற்று. கூடவே டம்ளரின் வயிறும் போயிற்று. அடுத்த டம்ளரை இன்னும் மெதுவாகத் தேய்த்தார். அதில் ஓட்டை விழவில்லை. ஆனால் பெயர் இருந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னி, வீட்டுக்குள் நுழைகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான் என்ற நிலைக்கு வந்தது.

மேல் வீட்டு ஆரோன் சார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் நாடகங்களில் வேஷம் கட்டுகிறவர் என்பதால் கிசுகிசுத்தாலும் இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

"என்ன சார், டம்ளருக்கு சர்வீஸா?"

"சும்மா பாலிஷ் சார்."

"புதுப் பாத்திரத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்களே, அதைத்தான் எடுக்க முடியாது. இதுல என்ன பாலிஷ்?"

கிபாயத்துல்லாவுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. பேரை எடுக்க வேண்டாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும். பாத்திரமும் புதிது மாதிரி இருக்கும். உடனே சண்முகம் ரோட்டுக்குப் போய் ஒரு பாத்திரக் கடையில் கேட்டார்.

"ஸ்டிக்கர் மட்டும் கிடைக்குமா?"

கடைக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "டம்ளர் வாங்கினா ஸ்டிக்கர் வரும். ஸ்டிக்கர் வாங்கினா டம்ளர் வராது சார்."

"டம்ளர் வேண்டாம். ஸ்டிக்கர் போதும்."

"வூட்ல ஏதாவது பிரச்சனையா சார்?"

எப்படியோ கெஞ்சி ஒரு சுருள் வாங்கி வந்துவிட்டார். இரவோடு இரவாக ஜஹீராவும் ஆஃபியாவும் அவரும் உட்கார்ந்து டம்ளர், தட்டு, கிண்ணம், நாற்காலி முதுகு என்று தேவானந்தம் இருந்த இடமெல்லாம் ஒட்டினார்கள். ஆஃபியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அத்தா, பேசாம உண்மையைச் சொல்லிடலாமே. பழசு வாங்கினா என்ன குத்தம்?"

"குத்தம் ஒண்ணும் இல்லடா. ஆனா முதல் தடவை வர்றாங்க. கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன்."

ஒரே ஒரு பாத்திரத்தில்தான் ஸ்டிக்கர் ஒட்ட வழியில்லை. மஸ்கட்காரர்கள் பெரிய தாம்பாளத்தில் மந்தி பிரியாணியைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். "எங்க வீட்ல மஸ்கட் ஸ்டைல்தான்" என்று ஜஹீரா அதையும் போனில் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் அந்த அளவுக்குப் பெரிய தாம்பாளம் ஒன்றுதான் இருந்தது. அதன் நட்டநடுவில், அரை அடி நீளத்துக்கு, புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டு, வாத்தியார் கையெழுத்து போலவே அழகாக இருந்தது பெயர்.

"சோத்துக்குள்ள ஸ்டிக்கர் ஒட்ட முடியாது," என்றாள் ஜஹீரா.

"சோறுதான் ஸ்டிக்கர்," என்றார் கிபாயத்துல்லா. "மலை மாதிரி குவிச்சிடு. யாராலயும் அடி வரைக்கும் சாப்பிட முடியாது."

மறுநாள் மதியம் யாசீன் பாய் மனைவியோடும் முதாசிரோடும் வந்தார். கீழே கார் நிறுத்த இடம் தேடியபோது ஆரோன் சார்தான் ஓடிவந்து, ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிற மாதிரி கையை வீசி வழி சொன்னாராம். "நான் ஆரோன், மேல் வீடு" என்று அறிமுகமும் செய்துகொண்டாராம்.

ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் யாசீன் பாயின் மனைவி தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். ஸ்டிக்கரைப் படித்தார்.

"சண்முகம் ரோடு, தாம்பரம்னு போட்டிருக்கே. கார்கோல வந்ததுன்னு சொன்னீங்க?"

ஜஹீரா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அவங்களுக்கு மஸ்கட்லயும் கடை இருக்குங்க."

கிபாயத்துல்லா மனைவியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பெண்களுக்கு உள்ளே தனியாகப் பரிமாறினார்கள். ஹாலில் கம்பளம் விரித்துத் தாம்பாளத்தை நடுவில் வைத்தார்கள். மேலே ஆட்டுத் தொடையோடு சோறு கோபுரமாக நின்றது. யாசீன் பாய், முதாசிர், கிபாயத்துல்லா மூவரும் சுற்றி உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தார்கள்.

யாராலும் அடி வரைக்கும் சாப்பிட முடியாது என்று கிபாயத்துல்லா போட்ட கணக்கில் முதாசிரைச் சேர்க்கவில்லை. வருங்கால மாமனார் வீட்டுச் சாப்பாட்டை மிச்சம் வைக்கக்கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பையன் தலை நிமிராமல் சாப்பிட்டான். ஒரு பக்கத்தில் தட்டு தெரிய ஆரம்பித்தது. பிறகு ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு 'தே' முழுசாக வெளியே வந்தது.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி," என்று கிபாயத்துல்லா சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி 'தே'யின் தலையில் போட்டார்.

"போதும் மாமா."

"வயசுப் பையன், சாப்பிடணும்."

முதாசிர் அதையும் சாப்பிட்டான். இந்தப் பக்கத்தில் யாசீன் பாய் கறியை இழுத்ததில் 'ம்' தெரிந்தது. கிபாயத்துல்லா அங்கே ஒரு கரண்டி போட்டார். அதற்குள் நடுவில் 'னந்' எட்டிப் பார்த்தது. சட்டியைச் சாய்த்தார். சட்டி காலி. உள்ளே பார்த்து, "ஜஹீரா, சோறு," என்றார். "அவ்வளவுதாங்க," என்று பதில் வந்தது. எலும்பு ஒன்றை நகர்த்தி வைத்து மறைக்கப் பார்த்தார். முதாசிர் மரியாதையாக அந்த எலும்பையும் எடுத்துக்கொண்டான்.

தேவானந்தம் முழுசாக வெளியே வந்து, நெய்யில் குளித்து மினுமினுத்துக்கொண்டு நடுவில் படுத்திருந்தார்.

யாசீன் பாய் அந்தப் பெயரையே தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிப் பெயர் என்று சொல்லலாமா என்று கிபாயத்துல்லா யோசித்தார். அரை அடி நீளத்துக்கு எந்தக் கம்பெனியும் சோற்றுக்கு அடியில் விளம்பரம் செய்யாது.

"நண்பரா?" என்று யாசீன் பாய் மெதுவாகக் கேட்டார்.

"யாரு பாய்?"

"இந்தத் தேவானந்தம். உங்க நண்பர் கொடுத்த அன்பளிப்பா?"

ஆற்றில் போகிறவனுக்குக் கயிறு எறிந்த மாதிரி இருந்தது. கிபாயத்துல்லா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆமா பாய். மஸ்கட் நண்பர். நாங்க கிளம்பும்போது கொடுத்தாரு."

உள்ளே இருந்து யாசீன் பாயின் மனைவி வந்தார். "அப்ப அந்தப் பீரோவும் அவரு கொடுத்ததுதானா? புறா போட்டது? கதவு தானா திறந்துகிச்சு, பாத்தேன்."

"பீரோவும்தான்," என்றாள் ஜஹீரா.

முதாசிர் எழுந்து கை கழுவப் போகும்போது அவன் சட்டை முதுகில் நாற்காலி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது தேவானந்தம் தெரிந்தது.

"நாற்காலியும்," என்றார் கிபாயத்துல்லா. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. "கட்டிலும். கரண்டியும்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷர்," என்று யாசீன் பாய் பெருமூச்சு விட்டார். "நட்புன்னா இதுதான் நட்பு."

அவர்கள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள். பொய் என்ற முறையில் இது இதோடு முடிந்திருந்தால் பெரிய வெற்றிதான். ஆனால் அடுத்த வாரம் இவர்கள் குன்றத்தூருக்குப் போக வேண்டியிருந்தது.

யாசீன் பாயின் வீட்டு ஹாலில் சிங்கக்கால் வைத்த சோபாவும், ஆளுயரக் கடிகாரமும் இருந்தன. கிபாயத்துல்லா தன் வாட்ச்சைப் பார்த்தார். ஆளுயரக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அது சிங்கப்பூர் டைம் பாய்," என்றார் யாசீன். "நம்ம பார்ட்னர் எட்மண்ட் கொடுத்தது. அவர் எப்படி வச்சாரோ அப்படியே விட்டுட்டேன். உங்களுக்கு ஒரு தேவானந்தம் மாதிரி எனக்கு ஒரு எட்மண்ட்."

கடிகாரத்தின் கீழே பித்தளைத் தகட்டில் எட்மண்ட் என்று பெயர் இருந்தது. கிபாயத்துல்லாவுக்கு மனசு சுருங்கிப்போயிற்று. இதுதான் வித்தியாசம் என்று நினைத்தார். இவருக்குக் கடிகாரம் கொடுக்கிற பார்ட்னர் இருக்கிறார். நமக்கு இருக்கிற நண்பர் நம்மைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"நிச்சயத்துக்கு எட்மண்ட் சார் அவசியம் வரணும் பாய்."

யாசீன் பாய்க்குச் சமோசா புரையேறியது. மனைவி முதுகைத் தட்டினார்.

"அவரா? ரொம்ப பிஸியான ஆளு பாய்."

"சிங்கப்பூர்தானே," என்றாள் ஜஹீரா. "மதுரை போறதுக்கு ஆகுற நேரத்துல வந்துடலாம். பையன் நிச்சயத்துக்குக்கூட வர மாட்டாரா?"

யாசீன் பாய் மனைவியைப் பார்த்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன் வராம? வருவாரு. இன்ஷா அல்லாஹ்," என்று தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார் யாசீன் பாய். "நீங்களும் உங்க தேவானந்தத்தைக் கூட்டிட்டு வந்துடுங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிடுவோம்."

"அவரு மஸ்கட்ல," என்று கிபாயத்துல்லாவும், "அவரு இப்ப இங்கதான் இருக்காரு," என்று ஜஹீராவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"லீவுல வந்திருக்காரு," என்று ஜஹீரா இரண்டையும் ஒட்டவைத்தாள்.

திரும்பும்போது ஆட்டோ குரோம்பேட்டையைத் தாண்டியதும் கிபாயத்துல்லா மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் வர்றாரு. நம்ம பக்கம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"காலமாயிட்டாருன்னு சொல்லிடலாமா?"

"அல்லாஹ்வே. மெல்போர்ன்ல அந்த மனுஷன் நல்லா இருக்காரு. ஒரு தட்டுக்காக அவரைக் கொல்லணுமா?"

ஆஃபியா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிரிக்கவில்லை. "இது தெரிஞ்சுபோச்சுன்னா அவங்க என்னையும் பொய்ன்னு நினைப்பாங்க அத்தா," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வார்த்தை கிபாயத்துல்லாவைக் குத்திவிட்டது. தோழிகளை, தெருவை, வளர்ந்த வீட்டை எல்லாம் மஸ்கட்டில் விட்டுவிட்டு, அப்பா சொன்னாரே என்று வந்த பெண். அவளுக்கு இந்த ஊரில் பிடித்த ஒன்றையும் ஒரு தாம்பாளத்தால் மூடிவிடப் போகிறோமே என்று நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் நேராக பால்கனிக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடுவது என்று யாசீன் பாயின் நம்பரைப் போட்டார். பிஸி. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டார். அப்போதும் பிஸி. தைரியம் என்பது அவரிடம் அதிக நேரம் தங்குகிற சரக்கு இல்லை. இந்த வம்பில் மாட்டிவிட்டவனையாவது நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஏசுபாதத்துக்குப் போட்டார். அவனும் பிஸி.

"என்ன சார், போனுக்கு சர்வீஸா?" மேலிருந்து ஆரோன் சாரின் குரல் கேட்டது.

கிபாயத்துல்லா நிமிர்ந்து பார்த்தார். நாடகக்காரர். நல்ல உயரம். நரைத்த மீசை. படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னார். ஆரோன் சாருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது.

"தேவானந்தம்," என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "மனைவி பேரு ரத்தினபாய். சரி. நான் ஏன் மஸ்கட் போனேன்?"

"வேலைக்குத்தான் சார்."

"அது போதாது சார். ஒரு வலி இருக்கணும். தம்பி துரோகம் பண்ணிட்டான்னு வச்சுக்கலாமா? மேடையில ஒரு ரெண்டு நிமிஷம் அழுறேன்."

"அழ வேண்டாம் சார். உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டா போதும்."

ஆரோன் சாரின் மனைவி ரோஸி காய்கறி நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அவங்க காரு வந்தப்ப, 'நான் ஆரோன், மேல் வீடு'ன்னு சொன்னது யாரு?"

ஆரோன் சாரின் தோள் இறங்கிவிட்டது. "மீசையை எடுத்துட்டா?" என்று ஒரு கடைசி முயற்சி செய்தார்.

"குரலை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?" என்றார் ரோஸி.

மறுநாள் காலையிலேயே கிபாயத்துல்லா முடிச்சூர் ரோட்டுக்குக் கிளம்பினார். பழைய சாமான் வாங்கிய இடத்தில் நண்பன் மட்டும் கிடைக்காமலா போய்விடும் என்ற நம்பிக்கைதான்.

கடையில் ஒரு பழைய கண்ணாடி பீரோவுக்கு முன்னால் நின்று ஏசுபாதம் நீல நிறக் கோட்டு ஒன்றைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். லுங்கியை மட்டும் மறந்துவிட்டால் பெரிய கம்பெனி மேனேஜர் மாதிரி இருந்தது. தாம்பரத்தில் இதைவிடப் பொருத்தமான தேவானந்தம் கிடைக்கவே மாட்டார் என்று கிபாயத்துல்லாவுக்குத் தோன்றியது.

"கோட்டு நல்லா இருக்கே ஏசுபாதம்."

"மாடம்பாக்கத்துல ஒரு டாக்டர் வூட்டு லாட்டு சார். அமெரிக்கா பூட்டாங்கோ. இன்னா சார் வோணும்? கட்டில் ஆடுதா?"

"கட்டில் ஆடல. நான்தான் ஆடிக்கிட்டிருக்கேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார் கிபாயத்துல்லா. கம்பெனி, ஸ்டிக்கர், சோறு, எலும்பு எல்லாம். "என் பொண்ணு வாழ்க்கைப்பா. ஒரே ஒரு நாள் நீ தேவானந்தமா வந்து உட்கார்ந்தா போதும்."

ஏசுபாதம் ஆச்சரியப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "இதுக்குப் போய் இன்னாத்துக்கு சார் கண் கலங்குற," என்றார். "பாப்பா கல்யாணம், வராம இருப்பனா? பேர் வெட்ன சாமான் விக்கிற கடையில இதெல்லாம் சகஜம். பேசணுமா, சும்மா சிரிச்சினு குந்திகினா போதுமா?"

"சிரிச்சா போதும். யாராவது கேட்டா மஸ்கட்ல ரொம்ப வெயில்னு சொல்லு."

"மஸ்கட். வெயிலு. ஆச்சு." கண்ணாடியில் ஒருமுறை தேவானந்தமாகச் சிரித்துப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. கிபாயத்துல்லாவுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

"என்னிக்கு சார் நிச்சயம்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. பல்லாவரத்துல ஒரு மண்டபம்."

ஏசுபாதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாப்ள வூடு எங்க சார் கீது?"

"குன்றத்தூர். தோல் வியாபாரம் பண்றாரே, யாசீன் பாய்."

ஏசுபாதம் கோட்டைக் கழற்றினார். தோளை உதறி, மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் மாட்டி, பீரோவின் கதவில் தொங்கவிட்டார். பிறகு கிபாயத்துல்லாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வேற எந்த மண்டபம்னாலும் தேவானந்தமா வந்து நிப்பேன் சார்," என்றார். "அந்த மண்டபத்துல நான் ஏற்கெனவே எட்மண்ட்."